கொசுறாக வந்த பவர்

ஓஷ் சந்தையில் பொத்தானும் பாசிமணியும் விற்கும் ஷைர்குல், கொசுறு வாங்காமல் எந்தக் கடையை விட்டும் நகர்ந்ததில்லை. மகள் மேரிமுக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்று டாக்டரம்மா மைனஸ் இரண்டு எழுதிக் கொடுத்தபோதும் அப்படித்தான். "அதே விலைக்கு மூணாப் போடுய்யா, வளர்ற புள்ள" என்று கண்ணாடிக்காரனை மடக்கிவிட்டாள். குளிர்கோட்டை ஒரு அளவு பெரிதாக எடுப்பதில்லையா?

புதுக் கண்ணாடியோடு மேரிம் எதிர்வரிசைக் கடையின் விலைச்சீட்டைக்கூடப் படித்தாள். மடியிலிருந்த அரிச்சுவடியைத்தான் படிக்க முடியவில்லை.

"எழுத்து ரெண்டு ரெண்டா நடக்குதும்மா."

"தெரு தாண்டித் தெரியுது, மூக்குக்குக் கீழ தெரியலையா? யாருகிட்டடி விக்கிற இந்தக் கதையை?"

நாளை அரிச்சுவடி விழா. முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். திணறும் பிள்ளைக்குச் சந்தை முழுக்கப் பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும். போன வருடம் ஒருத்திக்கு ஒட்டியதே ஷைர்குல்தான்.

அன்று வாசித்துப் பழகும்போதே மேரிம் தலைவலியில் வாந்தி எடுத்தாள். ஷைர்குல் கடையைப் போட்டது போட்டபடி விட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

டாக்டரம்மா பேனாவை மேரிமின் மூக்கருகே கொண்டுவந்தார். "ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"நீங்களே பாருங்க அக்கா."

வலது கண் பேனாவை விட்டுவிட்டு வெளியே நழுவியது. டாக்டரம்மா கண்ணாடியைச் சோதித்து நிமிர்ந்தார்.

"மூணு யாரு போட்டது?"

"பேசித்தான் வாங்கினேன்… வளர்ற புள்ள, கோட்டு மாதிரி ஒரு அளவு பெருசா…"

"இது கோட்டு இல்லக்கா. இந்தப் பவரோட படிக்கணும்னா புள்ள கண்ணு ரெட்டை மூட்டை தூக்கணும். அதோட, கிட்டத்துல ரெண்டு கண்ணும் ஒண்ணாச் சேர மாட்டேங்குது. இவ சோம்பேறி இல்ல."

ஷைர்குல் பணப்பையைத் திறந்தாள். "நாளைக்குள்ள சரி பண்ணுங்களேன். நீங்க சொல்றதுதான் விலை."

"கண்ணாடி மாத்தணும், பயிற்சி பண்ணணும். மாசக்கணக்கு ஆகும், இதுல பேரம் கிடையாது. கயிறுல மணி கோத்து, ஒரு நுனியை மூக்குல வச்சுக்கிட்டு ஒவ்வொரு மணியாப் பார்க்கணும். மணிதான் உங்க கடையிலயே இருக்கே! நாளைக்கு மட்டும் கண்ணாடியைக் கழட்டிட்டு, ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கட்டும்."

வெளியே வந்ததும் ஷைர்குல் மகளின் கையைப் பிடித்தாள். "நீ சொன்னேல்லடி."

"சொன்னேன்."

மறுநாள் மேரிம் தலையில் வெள்ளை ரிப்பனோடு மேடையேறி, புத்தகத்தை உயர்த்தி, வலது கண்ணை உள்ளங்கையால் பொத்தினாள்.

"குறி பார்த்துச் சுடப் போறா டோய்!" என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது.

மேரிம் நின்றுவிட்டாள். கண்ணாடி இல்லாமல் எதிரே முகங்களெல்லாம் ஒரே மங்கல். அதில் அம்மாவைத் தேடினாள்.

பின்வரிசையிலிருந்து சந்தைக் குரல் கிளம்பியது. "ஒரு கண்ணுதான் இப்போ கடையில இருக்கு! இன்னொண்ணு உள்ள பத்திரமா இருக்கு. அடுத்த வருஷம் வாங்க, ரெண்டையும் எடுத்துக் காட்டறோம். நீ படிடி தங்கம்!"

மேரிம் குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள். பிறகு மெதுவாக வாசித்தாள். கடைசி வரி வரை ஒரு எழுத்தும் நடக்கவில்லை.