திருப்பிச் சொல்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் முதல் பஸ்ஸில் தேவிகா நின்றுகொண்டே தூங்குவாள். கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்கும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் குலுங்கும்போதுதான் கண் திறக்கும். மதியம் இரண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை ஷூ கம்பெனியில் தையல் மெஷின். விடிந்தால் விமானம். பெண்களுக்கான விமானம் ஓட்டும் பயிற்சித் திட்டம் ஒன்றில் பரீட்சை எழுதி இடம் கிடைத்ததிலிருந்து ஏழு மாதமாக இப்படித்தான் ஓடியது. உடம்பில் எங்கே தொட்டாலும் வலித்தது.

திட்டத்தில் ஒரு விதி உண்டு. இருபத்தைந்து மணி நேரம் பறந்து முடிப்பதற்குள் தனியாக ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார்கள். தேவிகாவுக்கு இருபத்துநான்கு மணி நேரம் முடிந்திருந்தது.

ஏற்றுவதிலும் இறக்குவதிலும் அவளிடம் குறை இல்லை. குறை வாயில்தான் இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் எதைச் சொன்னாலும் சொன்னபடியே திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம், ஓர் எண் விடாமல். தேவிகா "யெஸ் சார்" என்பாள். அதற்கு மேல் நாக்கு எழாது.

"உன்னோட பெரிய பேஜார்மா," என்றாள் சைரா. மேல்விஷாரத்துக்காரி. தேவிகாவைவிட இரண்டு வயதுதான் பெரியவள், ஆனாலும் பயிற்சியாளர். இறக்கைக்கு அடியில் குனிந்து பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று ஒரு சின்னக் குழாயில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரேடியோல இருக்கிறவருக்கு நீ தலையாட்டறது தெரியுமா? வாயத் தொறந்து சொன்னாதானே தெரியும்?"

"செரிங்க மேடம்."

"பாத்தியா, மறுபடியும் செரிங்க மேடம்! இன்னிக்கு ஒழுங்கா சொல்லலன்னா தனியா அனுப்ப மாட்டேன். அப்புறம் என்னைத் திட்டாத."

தேவிகா கம்பெனியில் சேர்ந்த முதல் மாதம், சூப்பர்வைசர் செந்தில்குமார் மணிக்கு எண்பது ஜோடி என்றார். காதில் சரியாக விழுந்ததா என்று பார்க்க, "எண்பது ஜோடியா சார்?" என்று கேட்டுவிட்டாள். "இன்னா, திருப்பிப் பேசறியா?" என்று ஒரு வாரம் சொலூஷன் டேபிளுக்கு அனுப்பிவிட்டார். அங்கே நாள் முழுக்கப் பசை தடவ வேண்டும். நாலாம் நாள் வீட்டுச் சோற்றிலும் பசை வாசனைதான் வந்தது. அம்மா தனபாக்கியம் தலைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, "செரின்னு சொல்லிட்டுப் போயேன்டி. வாய் குடுத்து இன்னா ஆவப்போவுது?" என்றாள். அன்றிலிருந்து தேவிகா யார் சொன்னதையும் திருப்பிச் சொன்னதில்லை.

இருவரும் ஏறினார்கள். இரண்டு பேர் மட்டுமே உட்காரும் விமானம். ஒரு சுற்றுச் சுற்றி, இறங்குவதற்காகத் திரும்பினாள் தேவிகா. கண் எரிந்தது. கீழே திசை காட்டும் காற்றுப்பை மேற்குக் காற்றில் புடைத்துக் கிழக்கே நீண்டிருந்தது. அப்படியென்றால் மேற்கே பார்த்து இறங்கும் ஓடுபாதை இருபத்தேழு. காற்றை எதிர்த்து இறங்க வேண்டும்.

ரேடியோவில் கட்டுப்பாட்டு அறை தௌசீப் அகமதுவின் குரல் கேட்டது. அவரும் தூங்கியிருக்க மாட்டார் போல. விமானத்தை அதன் அழைப்புப் பெயரால் கூப்பிட்டார். "டெல்டா கிலோ, ரன்வே ஜீரோ நைன், கிளியர் டு லேண்ட்."

ஒன்பது. நேர் எதிர்ப்பக்கம்.

அவர் தப்பாகச் சொல்கிறார் என்பது தேவிகாவுக்குத் தெரிந்தது. தப்பு என்று பெரியவரிடம் எப்படிச் சொல்வது? "யெஸ் சார்" நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் சைரா கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். தப்பு என்று சொல்ல வேண்டாம். அவர் சொன்னதை அவருக்கே சொன்னால் போதும்.

"ரன்வே ஜீரோ நைன், கிளியர் டு லேண்ட், டெல்டா கிலோ."

ரேடியோ ஒரு நொடி இரைந்தது.

"நெகட்டிவ், நெகட்டிவ். கரெக்‌ஷன். ரன்வே டூ செவன். ஸாரி மேடம்."

தன் பேச்சைத் தன் காதால் கேட்டதும் அவருக்கே தெரிந்துவிட்டது. யாரும் யாரையும் எதிர்க்கவில்லை. அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் தன்னிடம் ஸாரி சொல்லி தேவிகா கேட்டது அதுதான் முதல் தடவை. "ரன்வே டூ செவன், கிளியர் டு லேண்ட், டெல்டா கிலோ," என்றாள். குரல் நடுங்கவில்லை. நடுங்குவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை.

இறங்கி நின்றதும் சைரா பெல்ட்டைக் கழற்றினாள். "போய்ட்டு வா. ஒரே சுற்று."

பக்கத்து இருக்கை காலியானதும் விமானம் எடை குறைந்து சட்டென்று எழும்பியது. கீழே பாலாற்று மணல் வெளுத்துக் கிடந்தது. பெரிய சந்தோஷம் வரும் என்று ஏழு மாதமாக எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. அமைதியாக இருந்தது, யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னாள். ஒருமுறை துள்ளி, இறங்கினாள்.

சைரா ஒரு வாளித் தண்ணீரோடு நின்றாள். "மொதல் தடவ தனியாப் பறந்தா தலைல ஊத்தணும். வழக்கம்."

"வேணாங்க மேடம். மாத்துத் துணி இல்ல. ரெண்டு மணிக்கு ஷிப்ட்."

சைரா அவளைப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலைத் தண்ணீரில் நனைத்து அவள் நெற்றியில் தெளித்தாள். "போதும். போய்க் கொஞ்ச நேரமாவது தூங்கு."

பஸ்ஸில்தான் தூங்க முடிந்தது. கம்பெனிக்குள் நுழையும்போது இரண்டு அடிக்க ஐந்து நிமிடம்.

"ஆறாம் நம்பர் மெஷின். மணிக்குத் தொண்ணூறு ஜோடி," என்றார் செந்தில்குமார், தலையைத் தூக்காமல்.

"ஆறாம் நம்பர் மெஷின், மணிக்குத் தொண்ணூறு ஜோடி," என்றாள் தேவிகா. வேண்டுமென்றே சொன்னதல்ல. வாய் காலையிலிருந்து அந்தத் தடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தலை நிமிர்ந்தது. "இன்னா, திருப்பிப் பேசறியா?"

"இல்லீங்க சார். திருப்பிச் சொன்னேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செந்தில்குமாரின் காது சிவந்தது. "அவ்ளோ ஆயிடுச்சா? சொலூஷன் டேபிளுக்குப் போ. ஒரு வாரம்."

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"சொலூஷன் டேபிள், ஒரு வாரம்," என்றாள், ஒரு சொல் விடாமல்.