தேதிக் கட்டு ஒட்டும் இடம்

காலண்டரில் ஒட்டும் தேதிக் கட்டைப் பிய்த்தபோது படத்தில் இருந்த முகமும் கூடவே போய்விட்டது.

நாகூர் கனி எதிர்பார்த்தது சிரிப்பை மட்டும்தான். அது கட்டை ஒட்டும்போதே வந்துவிட்டது. சின்ன வயசுக் கூட்டாளி ஊர்க்காவலனின் ஸ்டூடியோ மாடியில், கொடியில் கிளிப் மாட்டித் தொங்கிய படங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கட்டை எடுத்துவிட்டு, "சும்மா தமாசுக்கு" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் அந்தக் கணக்கில் சேரவில்லை.

சிவகாசியிலும் சுற்றுப்பட்டிலும் படம் எடுக்கும் ஆசை பிடித்தவர்கள் மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் அங்கே கூடுவார்கள். ஆளுக்கு ஒரு படம். போனில் காட்டக் கூடாது, பிரிண்ட் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். கருத்துச் சொல்ல ஊர்க்காவலன் ஒரு முறை வைத்திருந்தான். முதலில் படத்தில் நல்லதாக ஒன்று, அப்புறம் குறை ஒன்று, கடைசியில் அந்தக் குறையைச் சரிசெய்ய ஒரு வழி. கனி முதலாவதை மறந்துவிடுவார். மூன்றாவது வருவதற்குள் சபை சிரிக்க ஆரம்பித்துவிடும். நடுவில் உள்ளதை மட்டும் அவரைப் போல் சொல்ல ஆள் கிடையாது. அவருக்காகவே வருகிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை அவர் நம்பியும் தொலைத்திருந்தார்.

பிழைப்பு காலண்டர் அச்சகத்தில், டிசைன் பிரிவில். சாமியானாலும் குழந்தையானாலும் அருவியானாலும் மேலே ஏற்றி வைத்துவிட்டு, கீழே கடைப் பெயருக்கும் தேதிக் கட்டுக்கும் இடம் விட்டே தலை நரைத்தவர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் கண் முதலில் அடிப்பக்கம்தான் போகும். கல்யாண ஆல்பத்தில்கூட மாப்பிள்ளை காலடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வீட்டில் ஏச்சு வாங்கியிருக்கிறார்.

பாண்டிமீனா அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படம் கொண்டுவந்திருந்தாள். பட்டாசுக் கடையில் பில் போடும் பெண். போனில் எடுத்த படம். ஃபேக்டரி வேனில், வேலை முடிந்து வரும் ஒரு பெண் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். அந்த முகம் படத்தின் அடியில், ஓரமாக. மேலே ஜன்னல் முழுக்க வெறும் வானம்.

"ஏம்மா, கட்டு ஒட்டுற எடத்துல போயி இந்தம்மாவத் தூங்க வச்சிருக்கியே!" என்று கனி எழுந்தார். "மேல அம்புட்டு வானம் சும்மா கெடக்கு, வாடகைக்கே விடலாம். இங்கன பாரு." பையில் சாம்பிளுக்கு வைத்திருந்த தேதிக் கட்டை எடுத்தார், டேப்பைக் கிழித்தார், முகத்தின் மேல் ஒட்டினார். "இப்ப ஒரு ஜவுளிக்கடை பேரப் போட்டா இன்னைக்கே லோடு ஏத்திரலாம்!"

அப்புறம்தான் பிய்த்தார். முகம் இருந்த இடத்தில் வெள்ளையாகக் காகிதத்தின் சதை தெரிந்தது.

"அது எங்கம்மாண்ணே," என்றாள் பாண்டிமீனா. பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

கனி கட்டை அவசரமாகப் பைக்குள் போட்டார்.

"பரவாயில்லண்ணே. தமாசுக்குத்தான," என்று அவளே சொல்லிவிட்டாள். படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டாள். கிளிப்பை மறக்காமல் ஊர்க்காவலனிடம் கொடுத்தாள். கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

அடுத்த மாதம் அவள் வரவில்லை.

"ஏலே, சீசன்லே. தீவாளி வருதுல்ல, கடைய விட்டு எப்படி வரும்?" என்றான் ஊர்க்காவலன், கனியின் முகத்தைப் பார்க்காமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

"என்னாலதானோன்னு..."

"ஒன்னால என்ன? நீ எல்லாத்தையும்தான் நக்கலடிக்க. யாரு கோவிச்சுக்கிட்டா?"

வராமல் நின்றுபோன வேறு சில முகங்கள் அப்போது கனியின் நினைவுக்கு வந்தன. அவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் திடீரென்று சீசன் வந்திருந்தது.

பாண்டிமீனாவுக்கு மெசேஜ் போட்டார். 'ஃபைலை அனுப்பும்மா, நம்ம அச்சகத்திலேயே பெருசாப் போட்டுத் தாரேன்.' பதில் வந்தது: 'பாக்கேன்ணே.' கூடவே கும்பிடு போட்ட கை. 'அடுத்த கூட்டத்துக்கு வருவியா?' என்றார். 'பாக்கேன்ணே.' மறுபடி கை. அந்தக் கையை உற்று உற்றுப் பார்த்தார். அது வழியனுப்புகிறதா, வணக்கம் சொல்கிறதா என்று பிடிபடவில்லை.

மனைவி சம்சாத்திடம் கேட்டார். "நான் பேசுறது மனுசன நோகடிக்கிற மாதிரியா இருக்கு?"

"சோறு ஆறுது, சாப்பிடுங்க," என்றாள் சம்சாத். அவளுக்கும் சீசன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

பிய்த்த தேதிக் கட்டு அவர் மேஜையில்தான் கிடந்தது. முகம் அதன் முதுகில் டேப்போடு ஒட்டியிருந்தது. மை உள்பக்கம் போய்விட, வெளியே தெரிந்தது வெள்ளைத்தாள் மட்டும். எடுத்துப் பார்க்க வழியில்லாததால் படத்தை நினைவிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அச்சகத்தில் ஒரு முருகனை மேலே ஏற்றிக்கொண்டிருந்த மத்தியானத்தில் அது முழுதாக வந்து நின்றது. அந்த வானம் காலியாக இல்லை. அத்தனை வெளிச்சமும் ஜன்னலுக்கு வெளியே கிடக்க, ஒருத்தி அதைப் பார்க்கக்கூடத் தெம்பில்லாமல் அடியில் அமிழ்ந்து கிடந்தாள். முகத்தை நடுவில் கொண்டுவந்திருந்தால் அது அடையாள அட்டைக்கு ஆகியிருக்கும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கொடியில் அந்தப் படத்தை முதலில் பார்த்த கணம் அவருக்கு நெஞ்சை என்னவோ செய்தது. அதைச் சொல்லத் தெரியாமல்தான் பையில் கைவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் பட்டாசுக் கடைக்குப் போனார். வெளியூர் வண்டிகள் வரிசையாக நின்றன. பாண்டிமீனா கவுண்டருக்குள் பில் கிழித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள். அது வாடிக்கையாளருக்கான சிரிப்பு.

"கிஃப்ட் பாக்ஸாண்ணே?"

"ஒன்ட்டப் பேசணும்மா."

"வேன் வாற நேரந்தான், அம்மா எறங்கும். அங்கன வாரேன்ணே."

ரோட்டோர வேப்பமரத்தடியில் வேன் வந்து நின்றது. முன்கையில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்க ஒரு பெண் இறங்கினாள். கனி அந்த முகத்தைப் பார்த்தார். தொலைத்ததைப் பார்ப்பதுபோல இருந்தது. இப்போது தூங்காததால் இன்னும் களைப்பாகத் தெரிந்தது.

"எம்மா, இவுகதான் கனி அண்ணே. படம் பாக்குறவுக."

"வாங்க பாய்!" மூக்கம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எம் படம் எல்லாத்துக்கும் பிடிச்சிருந்துச்சாமே? வீட்டுக்கு வந்து சொன்னா. தூங்கிட்டுக் கெடந்தவளப் போயி எடுத்திருக்கா பாருங்க கிறுக்கி. வாயக் கீயத் தொறந்துகிட்டா கெடந்தேன்?"

கனி பாண்டிமீனாவைப் பார்த்தார். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் வாயில் ஒரு நக்கல் ஊறும். ஊறியது. விழுங்கினார்.

"வாயெல்லாம் தொறக்கலம்மா. நல்ல படம்," என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "மேல வானத்த அம்புட்டு விட்டுக்கிட்டு அம்மாவ அடியில வச்ச பாரு, அதுதான் அந்தப் படமே. ஒரே ஒரு குறை. ஜன்னல் கம்பி நெத்தியக் குறுக்க வெட்டுது. போனக் கொஞ்சம் கீழ எறக்கியிருந்தா கம்பி வானத்துக்குப் போயிருக்கும். அம்புட்டுத்தாம்மா."

நல்லதாக ஒன்று, குறை ஒன்று, வழி ஒன்று. ஊர்க்காவலன் கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பான்.

பாண்டிமீனா தலையாட்டினாள். கையைப் போன் பிடிப்பதுபோல் தூக்கி லேசாகக் கீழே இறக்கிப் பார்த்தாள். "ஆமாண்ணே. போயிருக்கும்," என்றாள்.

மூக்கம்மாள் கடையோரக் குழாயில் கை கழுவப் போனாள்.

"அந்த ஃபைல் இருக்காம்மா? அழிச்சிட்டியோன்னு..."

"இருக்குண்ணே."

"அப்ப அடுத்த கூட்டத்துக்குக் கொண்டா. எல்லார் முன்னாலயும் இதையே சொல்லுதேன். தமாசு கிமாசு இல்லாம." மறுபடி கும்பிடு போட்ட கை வந்துவிடுமோ என்று பயந்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "பாக்கேன்னு சொல்லாதம்மா. வருவியா, வரமாட்டியா?"

அவள் குழாயடியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். வெள்ளிப்பொடி லேசில் போகிற சாதி இல்லை. மூக்கம்மாள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத அன்னைக்குச் சொல்லியிருந்தீகன்னா மாசா மாசம் வந்திருப்பேன்ணே," என்றாள் பாண்டிமீனா. "இனி வரமாட்டேன்."