அறுபத்து மூன்றாம் இசைத்தட்டு

என் வீட்டுக்காரர் எழுதிய புத்தகத்தில் இருநூற்றுப் பதினெட்டு பதிவுகள் இருக்கின்றன. அதில் ஒன்று மட்டும் பொய். மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒன்றின் மேல்தான் அவருக்குப் பாசம் அதிகம். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் அப்படிக் கொஞ்சிப் பார்த்ததில்லை.

கோம்பை ஷரீப் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. ஆரம்பத்தில் ரபீக் என்பவரோடு ஜோடி சேர்ந்து பாடினார். இருவருக்கும் முட்டிக்கொண்டு பிரிந்த பிறகு இருபது வருசத்துக்கு மேல் தனியாகவே பாடிப் பேர் வாங்கினார். எந்த மதத்துக் கல்யாணமானாலும் ரேடியோ செட்டுக் குழாயில் அவர் குரல் ஒலித்தால்தான் பந்தி போடுவார்கள். மனுசர் தொண்ணூற்று நாலில் மௌத்தாகி அடக்கமானார். அவர் தனியாகப் பாடிய இசைத்தட்டுகள் என்னென்ன, எந்த வருசம், எழுதியவர் யார், தபேலா யார், டோலக் யார் என்று தேடித் தொகுக்கிற பைத்தியம் இரண்டு பேருக்குப் பிடித்தது. ஒருவர் தேனியில் எலக்ட்ரிக் சாமானும் கேசட்டும் விற்கிற என் வீட்டுக்காரர் ஜோஷ்வா. இன்னொருவர் உத்தமபாளையத்தில் வாழைக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிற ரியாசுதீன் பாய்.

என் வீட்டுக்காரர் முதலில் ஒரு சின்னக் கையேடு போட்டார். அதை ரியாசுதீன் பாய் அப்படியே எடுத்து, ஏதோ ஒரு விழா மலரில் தன் பேரில் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இவர் கடையைச் சாத்திவிட்டு வந்து சோறு தின்னாமல் படுத்தார். மறுநாள் எழுந்தபோது முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. எனக்கு அந்தத் தெளிவைக் கண்டால் எப்போதுமே பயம்.

தொண்ணூற்று ஒன்பதில் பெரிய புத்தகம் தயாரானது. அறுபத்து மூன்றாவது பதிவை இவர் உண்டாக்கியபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். மார்க்கையன்கோட்டையில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்காகத் தனியாகப் பதிவு செய்த வாழ்த்துப் பாட்டு. வெளியே விற்பனைக்கு வரவில்லை. பாட்டின் முடிவில் டோலக் தனி வாசிப்பு. பாய் மறுபடி காப்பியடித்தால் மாட்டிவிட, எல்லாம் இவர் மண்டையிலிருந்து வந்தது. அப்படி ஒரு கல்யாணமும் இல்லை, தட்டும் இல்லை.

"ஷீபா, ஒரு டோலக்காரன் பேரு வேணுமே."

"எதுக்கு?"

"பொய்யின்னாலும் ஒரு நெசமான ஆள் பேரு இருந்தாத்தான் பாய் நம்புவாரு. நாப்பத்தொண்ணாவது ரெக்கார்டுல மயிலாடும்பாறை சின்னக்கருப்புன்னு ஒருத்தன் இருக்கான்ல, ஷரீப்பே எங்கிட்டச் சொன்ன பேரு. அவனைப் போட்டுருவோம். செத்துப்போனவன். கேக்க ஆளில்ல."

கேட்க ஆள் இருந்தது. நாலு வருசம் கழித்து, இரண்டாயிரத்து மூன்றில், கடைக்கு வந்து நின்றது.

முத்துப்பேச்சி என்று பேர் சொன்னாள், சின்னக்கருப்பின் பெண்சாதி. கையில் ஒரு பை. அதற்குள் மகள் கல்யாணப் பத்திரிகை. மகள் முருகம்மாள் ஆண்டிபட்டி நூலகத்தில் என் வீட்டுக்காரர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். சின்னக்கருப்பு கச்சேரி முடிந்து திரும்பும்போது லாரியிலிருந்து விழுந்து செத்தபோது அந்தப் பிள்ளை தொட்டிலில் கிடந்தது. ஒரு போட்டோ கிடையாது. டோலக்கைக்கூட எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"சார், எம்மக அப்பன் மொகத்தப் பார்த்ததில்ல. கல்யாணத்தன்னைக்கு ரேடியோ செட்டுல அவுக வாசிச்சதப் போட்டுவிட்டா, அவ கழுத்துல தாலி ஏறும்போது அப்பன் இங்கன இருக்காருன்னு இருக்கும். அம்புட்டுத்தான் எனக்கு."

இவர் பந்தாவாக நாற்பத்தொன்றாவது தட்டை எடுத்துப் போட்டார். ஷரீப் பாடினார். பின்னால் இரண்டு டோலக், ஒரு தபேலா, கஞ்சிரா, கைத்தட்டல் என்று ஒரே இரைச்சல். முத்துப்பேச்சி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டாள். பாட்டு முடிந்தது.

"இதுல அவுக எது சார்?"

இவருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது.

"எல்லாரோடயும் கலந்து கெடக்கு. அவுக தனியா வாசிச்சது ஒண்ணு இருக்குன்னு போட்டிருக்கீகள்ல, அறுவத்தி மூணு, அதப் போடுங்க. எங்கிட்டயும் ஒருக்காச் சொன்னாக, ஷரீப் பாய் என்னையத் தனியா வாசிக்க விட்டாருன்னு. கச்சேரியிலயா ரெக்கார்டுலயான்னு அப்பக் கேக்காமப் போயிட்டேன்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். அது இல்லையம்மா என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உத்தமபாளையத்தில் ரியாசுதீன் பாய் 'ஷரீப் தனிப்பாட்டுக் களஞ்சியம்' என்று பெரிதாக ஒன்றை அச்சுக்குக் கொடுத்திருக்கிறார் என்ற செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. தூண்டிலில் பாய் சிக்கினாரா என்று தெரியாமல் இவர் தவித்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சியைப் பார்த்ததும் இவர் கண்ணில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

"எங்கிட்ட அந்தத் தட்டு இல்லம்மா. உத்தமபாளையம் ரியாசுதீன் பாய்கிட்ட இருக்கும். நான் அனுப்பிச்சேன்னு சொல்லாதீக. புத்தகத்துல பார்த்தேன்னு மட்டும் கேளுங்க."

அவள் போனாள். சின்னமனூர் வழியாகப் பஸ் ஏறிப் போய்விட்டு, அன்று சாயங்காலமே திரும்பிக் கடைக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இருக்காம் சார்! பாய் கையில வச்சுக் கேட்டாராம். பச்சைக் கலர்ல பேரு ஒட்டியிருக்குமாம். கடேசியில எங்க வீட்டுக்காரக வாசிப்பு இருக்கே, மழை தகரத்துல விழுந்த மாதிரி ஆரம்பிச்சு, அப்பிடியே அடங்குமாம். சுத்தம் பண்றதுக்கு மெட்ராசுக்கு அனுப்பியிருக்காகளாம். புத்தக வெளியீட்டுக்குள்ள வந்துருமாம். அன்னைக்கு என்னைய மேடைக்கே வரச் சொல்லியிருக்காக."

இவர் உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். திருடினேன் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத பாய், இல்லாத தட்டுக்குக் கலர் அடித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் ஒரே மூட்டையில் கட்டி முல்லையாற்றில் இறக்கிவிடலாம் போலிருந்தது.

"அந்தப் பொம்பளகிட்ட நெசத்தச் சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லு. ஒன் இஷ்டம். நம்புறாளான்னு பாரு."

நான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போய், டீ வாங்கிக் கொடுத்து, உட்காரவைத்துச் சொன்னேன். அக்கா, அந்த ரெக்கார்டு கிடையாது, என் வீட்டுக்காரர் பாயை மாட்டிவிடப் பொய்யாக எழுதினது, பாய் அதைக் காப்பியடித்துவிட்டு இப்போது சமாளிக்கிறார் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன் தாயி, பொய்யவா காசு போட்டு அச்சடிப்பாக?"

"அடிப்பாக அக்கா."

"ஒங்க வீட்டுக்காரரு எழுதியிருக்காரு. பாயி காதுல கேட்டிருக்காரு. ரெண்டு படிச்ச ஆம்பளைக இருக்குன்னு சொல்றாக. நீங்க ஒருத்தி இல்லங்கிறீக. நான் அடிக்கடி வந்து கடையில நிக்கிறது ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கு போல. இனிமே வரலை தாயி."

டீக்குக் காசைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வேறென்ன செய்வது?

வெளியீட்டு விழா உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். வரமாட்டேன் என்று சொன்ன நானும் போனேன், அந்த அம்மாவுக்காகத்தான். அவள் பட்டு மாதிரி ஒரு சேலை கட்டிக்கொண்டு மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கீழே முருகம்மாள். அவள் பக்கத்தில் வரப்போகிற மாமனார் சீனிச்சாமி. அவரை எதற்குக் கூட்டி வந்தாள் என்று எனக்குப் புரிந்தது. தகப்பனில்லாத பிள்ளை என்று பேச்சு வந்திருக்கும். இன்ன தகப்பனுடைய பிள்ளை என்று காட்ட ஆசைப்பட்டிருக்கிறாள்.

ரியாசுதீன் பாய் மைக்கைப் பிடித்தார். உழைப்பு, ஆய்வு, தூக்கமில்லாத இரவுகள் என்றெல்லாம் பேசிவிட்டு, முத்துப்பேச்சிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"அறுபத்து மூன்றாம் இசைத்தட்டில் தனி டோலக் வாசித்த மேதை சின்னக்கருப்பு அவர்களின் துணைவியார். அந்தத் தட்டு பழுது நீக்கச் சென்ற இடத்தில் தாமதமாகிவிட்டது. நான் கேட்டிருக்கிறேன். அந்த வாசிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது."

கூட்டம் கை தட்டியது. முத்துப்பேச்சி எழுந்து எல்லாத் திசைக்கும் கும்பிட்டாள். மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் இவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம். அவ கீழ எறங்குன பெறகு பாய்கிட்டத் தனியாச் சண்டை போடுங்க." கையை உதறிவிட்டு மேடை ஏறிப் போனார். நாலு வருசம் காத்திருந்த மனுசர்.

"நண்பர் கேட்ட தட்டை நானும் கேட்க ஆசைப்படுகிறேன். ஏனென்றால் அதை உண்டாக்கியவன் நான். அப்படி ஒரு தட்டு உலகத்தில் கிடையாது. அந்தக் கல்யாணம் கிடையாது. அந்த டோலக் வாசிப்பு கிடையாது. என் புத்தகத்தைத் திருடுகிறவரைப் பிடிக்க நான் வைத்த பொறி அது!"

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பாய் முகம் செத்துப்போனது. இவர் மைக்கை விடாமல் ஜெயித்த பூரிப்பில் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவில் பொன்னாடையோடு ஒரு பொம்பளை நிற்கிறாள் என்பது அந்த மண்டபத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அப்ப அவுக வாசிக்கலையா சார்?" என்று அவள் கேட்டது மைக்கில் விழுந்தது.

"இல்லம்மா" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. சிரிப்பு இன்னும் பலமானது. சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. நானும் போயிருந்தேன். மயிலாடும்பாறையில் ரேடியோ செட்டு காலையிலிருந்து அலறியது, ஏதேதோ சினிமாப் பாட்டு. தாலி கட்டுகிற நேரத்தில் சீனிச்சாமியின் சொந்தக்காரர் ஒருவர், "டோலக்கு எங்கப்பா, டோலக்கப் போடு" என்று கத்தினார். பந்தல் முழுக்கச் சிரித்தது. முருகம்மாள் தலையைக் குனிந்திருந்தாள். முத்துப்பேச்சி என்னைப் பார்த்தாள். என் இலையில் தானே வந்து பாயசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ரியாசுதீன் பாய் அவமானப்பட்டதில் ரோசக்காரராகிவிட்டார். மூன்று வருசம் உட்கார்ந்து களஞ்சியத்தைத் திருத்தி இரண்டாம் பதிப்பு போட்டார். இந்த முறை ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி காட்டினார். அறுபத்து மூன்று போயிற்று, அது சரி. நாற்பத்தொன்றில் இருந்த சின்னக்கருப்பு பேரையும் எடுத்துவிட்டார். எடுத்ததோடு விடாமல் முன்னுரையில் இப்படி எழுதினார்: 'மயிலாடும்பாறை சின்னக்கருப்பு என்ற பெயரில் இசைக்கலைஞர் எவரும் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. அவர் ஜோஷ்வா படைத்த கற்பனை மனிதர்.'

முருகம்மாள் மறுபடி அதே நூலகத்தில் அதைப் படித்திருக்கிறாள். வரமாட்டேன் என்று சொன்ன முத்துப்பேச்சி மகளையும் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்கு வந்தாள். மகள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

முருகம்மாள்தான் பேசினாள். "அப்பா வாசிக்கலைன்னாக்கூடப் போகட்டும் சார். ஆளே இல்லைன்னு போட்டிருக்காக. எங்க மாமனார் வீட்ல அதையும் படிச்சுட்டாக. ஒன் அப்பன் கட்டுக்கதையாமேன்னு தெனமும் கேக்குறாக. நாப்பத்தொண்ணு நெசந்தான்னு நீங்க சொல்லுங்க சார்."

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தார். மறுபடியும் அதே வெளிச்சம் வந்தது கண்ணில். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

"தப்பு பண்ணிட்டாருல்ல பாய்! நாப்பத்தொண்ணு சத்தியமான விசயம். ஷரீப்பே எங்கிட்டச் சொன்னது. இருந்த ஆளை இல்லைன்னு எழுதியிருக்காரு. நம்ம அடுத்த பதிப்புல கிழிச்சிரலாம். ஆனா நான் சும்மா சொன்னா இப்ப எவனும் நம்பமாட்டான். ஏதாச்சும் அத்தாட்சி வேணும். போட்டோ இருக்கா?"

"இல்ல சார்."

"கச்சேரி நோட்டீஸ்? ரேஷன் கார்டு?"

"ஒண்ணும் இல்ல சார்."

அதுவரை வாசலில் நின்ற முத்துப்பேச்சி உள்ளே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மயிலாடும்பாறையில ஆத்தோரமாத்தான் பொதைச்சிருக்கு. எடம் எனக்குத் தெரியும். நீங்களும் பாயும் மம்பட்டி எடுத்துட்டு வாங்க. தோண்டிப் பாருங்க. எலும்பு இருக்கும். லாரியிலருந்து விழுந்ததுல வலது கை ஒடிஞ்சிருந்துச்சு, அதுவும் இருக்கும். பார்த்துட்டு, ஆளு இருந்தான்னு ஒங்க புத்தகத்துல போடுங்க."

குழந்தை அழ ஆரம்பித்தது. முருகம்மாள் அதைத் தட்டிக்கொடுத்தபடி வெளியே போனாள். நான் இவரைப் பார்த்தேன். இத்தனை வருசத்தில் ஒரு தடவையாவது இந்த மனுசருக்குச் சுருக்கென்று படும், தலையைக் குனிவார் என்று நினைத்தேன். இவர் மேசையை இழுத்துப் போட்டு, பேனாவைத் திறந்தார்.

"வலது கைதானம்மா?" என்றார். "எந்த வருசம்னு சரியாச் சொல்லுங்க."