காலில் கட்டிய அறுகோணம்

வீட்டுக்குள் நுழைந்ததும் யுவராணி மூக்கைப் பொத்தினாள். எலி செத்த நாற்றம். ஆனால் செத்துக்கொண்டிருந்தது கட்டிலில் கிடந்த புருஷன் பாண்டிதுரையின் வலது கால். பகலெல்லாம் ராஜபாளையத்துக் கம்பெனியில் ஊரார் புண்ணுக்குப் பேண்டேஜ் துணி வெளுத்துவிட்டு வருகிறவள் அவள். அவள் வீட்டுப் புண்ணைச் சுற்றியிருந்ததோ மஞ்சளில் நனைத்த பழந்துணி. அதற்குள்ளே, சதையோடு சதையாக ஒரு செப்புத் தகடு.

அவனுக்குச் சர்க்கரை வியாதி. கல் குத்திய காயம் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து, மாமியார் அங்காளம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மொக்கைச்சாமி என்ற மந்திரக்காரனைக் கூட்டிவந்தாள். அவன் வாசலிலேயே நின்று, எதிர்வீட்டு ஜாஸ்மின் கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிட்டிருந்த காகித நட்சத்திரத்தைக் காட்டினான். ஐந்து முனையில் இரண்டு மேலே பார்க்கிறது, அது கொம்பு, சாத்தான் குறி என்றான். செல்போனில் படம்கூடக் காட்டினான். அதை முறிக்க அறுகோணம் வேண்டுமாம். மேலே பார்க்கும் முக்கோணம் சிவன், கீழே பார்ப்பது சக்தி, இரண்டும் பின்னினால் முருகன். தகட்டில் அதைக் கீறி, கோழி ரத்தம் தடவி, புண்மேலேயே வைத்துக் கட்டினான். ஒரு மண்டலத்துக்கு அவிழ்க்கக் கூடாது, அவிழ்த்தால் உயிர் போகும் என்றான்.

அங்காளம்மாள் எதிர்வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். கயிறு ஒரு பக்கம் அறுந்து நட்சத்திரம் தலைகீழாகத் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். ஜாஸ்மின் அதைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, யுவராணியிடம் மட்டும் கேட்டாள்: “ஞானிகளுக்கு வழி காட்டுன நட்சத்திரம்க்கா. அண்ணன் காலக் கடிக்கவா வந்துச்சு?”

நட்சத்திரம் போயும் பாண்டிதுரையின் காய்ச்சல் போகவில்லை. அன்று வேலை விட்டு வந்த யுவராணி பாதத்தைத் தொட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. துணிக்குள்ளிருந்து வெள்ளையாய் ஒன்று நெளிந்து விரிப்பில் விழுந்தது. புழு.

கத்தரியை எடுத்தாள்.

“ஏட்டி, தொடாத. மண்டலம் முடியல,” என்றான் பாண்டிதுரை.

“இந்த நாத்தத்துல முருகன் குடியிருப்பாரா? செத்த நேரம் மூக்கத் தொறந்து பாருங்க.”

உதறப் பார்த்தான், கால் அசையவில்லை. துணியை வெட்டிவிட்டுத் தகட்டை இழுத்தாள். தோலும் சேர்ந்து வந்தது. கறுத்த சதையில் ஆறு முனையும் களிம்புப் பச்சையாய்ப் பதிந்து, கோடெல்லாம் சீழ் நிரம்பியிருந்தது. சாணியும் சாக்கடையும் அள்ளி வளர்ந்தவள்தான். ஆனாலும் வாசலுக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, ஜாஸ்மின் புருஷன் ஞானதுரையை ஆட்டோ எடுக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இன்னும் விட்டிருந்தால் ஆளே போயிருப்பான் என்று டாக்டர் திட்டினார்.

விஷயம் கேள்விப்பட்டு மொக்கைச்சாமி திருநீற்றோடு வார்டுக்கு வந்தான். அங்காளம்மாள் எழுந்து அவனுக்கு ஸ்டூல் போட்டாள். பாண்டிதுரை கும்பிட்டான். பக்கத்துக் கட்டில்வரை கேட்கும்படி சொன்னான்: “சாமி மேல குத்தமில்ல. புண்ணு ஆறிட்டுத்தான் வந்துச்சு. இவதான் அவுத்துக் கெடுத்துட்டா.”

பொம்பளைப் புத்தி, விடு என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினான் மொக்கைச்சாமி.

யுவராணி கட்டிலுக்கு அடியில் நிறைந்து கிடந்த மூத்திரச் சட்டியைக் குனிந்து எடுத்து, மொக்கைச்சாமியின் மடிக்கு நேரே நீட்டினாள். வாங்காவிட்டால் வேட்டியில் கொட்டிவிடும். திருநீற்றுக் கையாலேயே வாங்கிக்கொண்டான்.

“கக்கூஸ் அந்தக் கடைசில இருக்கு சாமி. தளும்பாமக் கொண்டுபோங்க.”