கரடி பேசிய தமிழ்

"எம்மா, சோறு போடுதியா இல்லியா? வயிறு காந்துதுல்லா!"

விஜயத்தின் கையிலிருந்த ரசக் கரண்டி தரையில் விழுந்தது. கேட்டது அவளுடைய பிள்ளை சாய். நாலு வயதாகியும் ஒற்றைச் சொல்லைத் தாண்டாதவன். அவன் வாய் திறக்க அவள் வேண்டிக்கொள்ளாத சாமி கிழக்கேகோட்டையில் பாக்கியில்லை. இப்போது முழுசாக ஒரு பேச்சு!

"ஏன்னா, கொழந்தை பேசிடுத்து!" என்று அழுதாள்.

நாகேஸ்வரனுக்கோ முகம் சுண்டிப்போயிற்று. "பேசினது சரி. யார் பாஷைடீ இது?"

அட, சாமி வரம் கொடுத்தது போதாதாம். அக்கிரகாரத் தமிழிலேயே கொடுத்திருக்க வேண்டுமாம்!

பாஷை நாச்சியாருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் மகளும் சாயும் ஒரே அங்கன்வாடி. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய்க் கதை சொல்வாள். கல்லாற்றுக் காட்டுக் கரடி ஒன்று பரோட்டா ஆசையில் மலையடி ஊரான வித்துராவில் பஸ் ஏறி, கிழக்கேகோட்டையில் இறங்கி, ஹோட்டல் ஹோட்டலாக, 'சோறு போடுதியா இல்லியா?' என்று கேட்கும் கதை.

மறுநாள் அங்கன்வாடி டீச்சர் ஜெஸ்லினிடம் போய் நின்றான் நாகேஸ்வரன்.

"எழுத்துச் சொல்லிக்கொடுக்க அனுப்பினா, கரடிக் கதையா?"

"எழுத்துக்கு முன்னே பேச்சு வரணும் சார். கதை கேட்டுப் பேசிப் பழகின பிள்ளைதான் பின்னே நல்லா வாசிக்கும், கேட்டோ. ட்ரெயினிங்ல அதான் சொன்னாங்க," என்றாள் ஜெஸ்லின், மலையாளம் கலந்த தமிழில்.

"கதை இருக்கட்டும். சொல்றவா நல்ல மனுஷாளா இருக்க வேண்டாமோ?"

நல்ல மனுஷாள் என்றால் யாரென்று ஜெஸ்லினுக்குத் தெரியாதா? எரிச்சலை விழுங்கிக்கொண்டு, "அப்போ இந்த வெள்ளி சாரே வந்து சொல்லணும்," என்றாள்.

வந்தான், ஜரிகை வேஷ்டியில். சுலோகம் முடியுமுன்னே இரண்டு பிள்ளைகள் தூங்கிவிட்டன. ஒன்று அவன் வேஷ்டி நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது.

சாய் எழுந்தான். "எப்பா, நீ அங்ஙன உக்காரு. நாச்சியாரத்தை சொல்லட்டும்."

அத்தை! அப்பாவின் கூடப்பிறந்தவளைக் கூப்பிடும் முறை. வாசலில் மகளோடு நின்ற நாச்சியார் நடுங்கிப்போனாள். "ஐயோ சாமி, நான் அப்படிக் கூப்பிடச் சொல்லலை!"

நாகேஸ்வரன் பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியேறினான். "அடுத்த வெள்ளி நாச்சியார் அக்காதான் சார் கதை," என்று பின்னாலிருந்து சொன்னாள் ஜெஸ்லின். "சாயைக் கொண்டு விடணும், கேட்டோ."

வீட்டில் விஜயம் ஓடிவந்தாள். "இன்னிக்கு ஏதாவது பேசினானா?"

"ஒண்ணும் பேசலை."

பிள்ளை பேச வேண்டுமென்று அங்கப்பிரதட்சணம் செய்த மனிதன் கூசாமல் சொன்னான்.

"பேசினேம்லா!" என்றான் சாய்.

விஜயம் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நானே கொண்டு விடறேன். அந்தக் கரடிக்குப் பரோட்டா கெடைச்சுதான்னு நேக்கும் தெரியணும்."