பூட்டுக்காரர் தேடிய ஒரு பிடி

எங்கள் சமையலறை ஜன்னலும் பூட்டுக்காரர் வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நான் எட்டிப் பார்க்கிற ரகம் இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது கண்ணை எங்கேயாவது வைத்தாக வேண்டுமே, அவ்வளவுதான்.

அவர் மனைவி நர்ஸ். வெளியூர் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட ஒப்பந்தம். போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் மனிதர் விசில்கூட அடித்துக்கொண்டிருந்தார். போன மாதம் திடீரென்று ஓவனைத் துடைத்துவிட்டு, ஞாயிறுதோறும் சாக்லேட் குக்கீ சுட ஆரம்பித்தார். வெள்ளைச் சாக்லேட் துண்டுகள் பதித்தது, அவள் சுடுவாளே, அதேதான். அவள் இருந்தபோது வாசனை முதலில் வரும், பின்னாலேயே எங்களுக்கு ஒரு தட்டு வரும்.

இவரும் தட்டு அனுப்பினார். என் வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துவிட்டுக் கடைவாயைத் தடவினார்.

"இதுக்கும் சாவி போட்டுத்தான் திறக்கணும் போல."

மூன்றாம் ஞாயிறு ஜன்னல் வழியாகப் பார்த்தால், பூட்டுக்காரர் மனைவியின் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைக்குள் கரண்டி கரண்டியாக மைதாவைப் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எலுமிச்சம்பழம் கேட்டுப் போனேன். வீட்டில் மூன்று பழம் இருந்தது, அது வேறு விஷயம்.

"என்ன தம்பி, கையுறைக்குச் சோறு ஊட்டுறீங்க?"

அவர் முகம் சிவந்தது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டைக் காட்டினார். அவள் எழுத்து. வெண்ணெய் பாதிக் கட்டி, முட்டை ஒன்று, மாவு மூணு பிடி, சர்க்கரை ஒண்ணரை பிடி, கோகோ அரைப் பிடி.

"பிடின்னா எவ்வளவுன்னு போன்ல கேட்டேன். பிடின்னா பிடிதாங்கன்னு சொல்றா. என் கையைப் பாருங்கக்கா."

பார்த்தேன். முறம்.

"மாவு கூடிப்போகுது, கல்லாயிடுது."

"அப்போ குறைச்சுப் போடுங்க."

"எவ்வளவு குறைக்கணும்னு தெரியலையே. சாவின்னா அச்சு எடுத்துடுவேன். கைக்கு எங்க போறது." கையுறையை உதறினார். மேஜையெல்லாம் மாவு. "அந்த ருசி மறந்துக்கிட்டே வருதுக்கா. முந்தாநாள் யோசிச்சேன். இனிப்பா இருக்கும்னு மட்டும் ஞாபகம் இருக்கு. மத்தது வரலை. அவ வர இன்னும் எட்டு மாசம் இருக்கு."

எலுமிச்சம்பழம் கேட்டு வந்ததே எனக்கு மறந்துபோனது. எங்கள் வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அந்தக் கையுறையை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். விரல் நுனி வரை கச்சிதம். ஒரே பாக்கெட் வாங்கி நானும் அவளும் ஆளுக்கு ஒரு ஜோடி எடுத்துக்கொள்வோம். அது நினைவுக்கு வரவே எனக்கு இவ்வளவு நேரம். கையைக் கழுவிவிட்டு மாவு டப்பாவில் விட்டேன். மூன்று பிடி. அவர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது என்னை இல்லை என்பது எனக்கும் தெரியும்.

சுட்டு எடுத்து, ஆறுவதற்குள் ஒன்றை விண்டு வாயில் போட்டார். மென்றார். மெல்வதை நிறுத்தினார். பிறகு போனை எடுத்து, அவளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"வந்துடுச்சு."

"எதுங்க?"

"உன் குக்கீ. அதே மாதிரி. அக்கா கையால அளந்தோம்."



"அக்கா கையா? தெரு முழுக்கச் சேதி போயிருக்குமே."

"இங்கதான் இருக்கேன்," என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு நடுவில் ஒரு மாதிரி ஆயிற்று. "எனக்கு ஒண்ணு எடுத்து வையுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவர் மிச்ச மாவில் ஓர் உருண்டை பிடித்தார். வெள்ளைத் துண்டுகள் மேலே தெரியும்படி பதித்து, கிண்ணத்தில் போட்டு மூடி ஃப்ரீசரில் வைத்தார்.

"எட்டு மாசம் தாங்குமாக்கா?"

மூன்று மாதம்தான் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

"தாங்கும் தம்பி," என்றேன்.

இனி அவ்வப்போது அவர் கடைக்குப் போன நேரம் பார்த்துப் புது உருண்டை மாற்றி வைக்க வேண்டும். அவர்கள் வீட்டு மாற்றுச் சாவி ஒன்று என்னிடம்தான் இருக்கிறது. அவள் கொடுத்துவிட்டுப் போனது. கையும் இருக்கிறது. இதை மட்டும் தெருவில் யாரிடமும் சொல்வதாக இல்லை.