முன்னால் இழுத்த இருக்கை

அவர் ஜெயிலிலிருந்து வந்துவிட்டால் நல்லதுதானே. இதை ஏன் ஒரு கேள்வி மாதிரி நினைக்கிறேன்?

அவள் குழாயை மூடிவிட்டு, பள்ளிக்கூட வேனின் கண்ணாடியைத் துணியால் வழித்தாள். காலைச் சவாரியில் பிள்ளைகள் விட்டுப்போன பென்சில் சீவல்கள் இன்னும் உள்ளே கிடந்தன. கணவன் ஓட்டிய வண்டி. சாலையில் ஓர் உரசல், அதில் மூண்ட சண்டை. அவன் ஜாக்கிக் கம்பியை ஓங்கினான், எதிர் வண்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. ஆயுள் தண்டனை. அதன்பிறகுதான் அவள் ஓட்டப் பழகினாள்.

மீதித் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி கவர்னருக்கு மனுப் போட்டிருந்தார்கள். வீட்டில் சம்பாதிக்க ஆளில்லை, வண்டி ஓடாமல் துருப்பிடிக்கிறது என்று வக்கீல் எழுதிவிட்டார். அது உண்மையா என்று பார்க்க இன்று அதிகாரி வருகிறார்.

மாமியார் வாசற்படியில் வந்து நின்றாள்.

"கழுவினது போதும். பின்தெருவுல விட்டுட்டு வா. கேட்டா வண்டி ஓடலன்னு சொல்லு."

"காலையில ஊரே பார்த்துச்சு, அத்தை."

"ஊரா கையெழுத்துப் போடப்போகுது? கவர்னரு என்ன, உன் வேன்ல ஏறியா பள்ளிக்கூடம் போறாரு?" குரல் இறங்கியது. "எம் பிள்ளைம்மா. நான் கண்ண மூடறதுக்குள்ள ஒரு தடவ இந்தப் படி ஏறட்டும்."

போன முறை பார்க்கப் போனபோது, கம்பிவலைக்கு அப்பாலிருந்து அவன் கேட்டான். "சீட்டை முன்னாடி இழுத்துட்டியா? எனக்குக் கால் இடிக்குமே." சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவளும் சிரித்தாள். திரும்பி வரும்போது பேருந்தில் ஏனோ அழுகை வந்தது. அவன் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. தலைவலி என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துவிடுவான். அந்தக் கைதான் கம்பியையும் ஓங்கியது என்பது இத்தனை வருஷமாகியும் மனசில் படியவில்லை. அவன் வேண்டாமா? வேண்டும். இந்த ஸ்டீயரிங்? அதுவும் வேண்டும். பொய் சொல்லத்தான் பிடிக்கவில்லையா, இல்லை, அந்தப் பொய்யைச் சாக்காக வைத்துக்கொள்கிறாளா? எதுவும் பிடிபடவில்லை.

தெருமுனையில் ஒருவர் கைப்பையோடு, கதவு எண்களைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.

"அந்தாளுதான். சீக்கிரம் எடுத்துட்டுப் போ." மாமியார் சாவியைக் கையில் திணித்தாள்.

ஈரக்கையில் சாவி வழுக்கியது. ஏறி உட்கார்ந்தாள். பாதம் பெடலில் சரியாகப் பொருந்தியது. சாவியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிக்கட்டும், அத்தை."

கண்ணாடியில் வழியும் நீர்க்கோடுகளுக்கு நடுவே அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தார்.